புல்லுக்குப் பதில் சதைச்செடி: எந்த இடத்துக்கு எது?

வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் அகலத்தில் நீளமாக ஒரு துண்டு நிலம். காலை எட்டு மணிக்கு விழும் வெயில் மாலை நாலு வரை நகராது. புல் போட்டால், பத்து நாள் தண்ணீர் விட மறந்தாலே வைக்கோலாகிவிடும். ஒன்றும் போடாமல் விட்டால் கோரை ஏறிவிடும். இப்படி ஓர் இடம் பலர் வீட்டிலும் இருக்கும். என்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: தரையோடு தரையாகப் படரும் சதைப்பற்றுச் செடி ஏதாவது வையுங்கள், தண்ணீரே வேண்டாம், அதுபாட்டுக்குக் கிடக்கும்.

பதில் சரிதான். அந்த ‘ஏதாவது’ என்ற சொல்லில்தான் வம்பு.

நான் முதல் தடவை பூவைப் பார்த்து வாங்கினேன். நர்சரியில் ஒரு தட்டு நிறைய டெலோஸ்பெர்மா, அடர் ரோஸ் நிறத்தில், கண்ணைப் பறித்தது. ஐஸ் பிளான்ட் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். வெயிலுக்குத் தாங்கும், குளிருக்கும் தாங்கும் என்றார் கடைக்காரர். இரண்டுமே உண்மை. மழைக்குத் தாங்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கூரைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டுகிற மூலையில் பன்னிரண்டு செடி நட்டேன். மூன்று வாரம் விடாமல் மழை. வெளியே பார்த்தால் இலைகள் கொழுகொழுவென்று பச்சையாகவே இருந்தன, சந்தோஷமாக இருந்தேன். ஒரு நாள் களை பிடுங்கக் குனிந்தபோது ஒரு கொத்து கையோடு வந்துவிட்டது. மண்ணைத் தொடும் கழுத்துப் பகுதி மட்டும் பழுப்பாகக் குழைந்து, ஊறிய காகிதம் மாதிரி பிய்ந்தது. மேலே இருந்த இலைகளுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சேமித்து வைத்த தண்ணீரை வைத்துக்கொண்டு அவை ஒரு வாரமாகச் செத்த செடியின் மேல் வாழ்ந்துகொண்டிருந்தன.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். செடியைப் பார்ப்பதற்கு முன்னால் குழியைப் பார்ப்பது.

முப்பது செ.மீ. ஆழம், அதே அகலத்தில் ஒரு குழி தோண்டுங்கள். நிறைய தண்ணீர் ஊற்றி அது முழுக்க வடியும்வரை விட்டுவிடுங்கள். பிறகு மறுபடி நிரப்பி, ஒரு குச்சியைச் செருகித் தண்ணீர் மட்டத்தை அடையாளம் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். ஐந்து செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் கீழே சொல்லப்போகும் எந்தச் செடியையும் வைக்கலாம், கவலையே இல்லை. இரண்டரை செ.மீ.க்கும் குறைவாக இறங்கியிருந்தால் அங்கே வடிகால் மோசம். அந்த மண்ணிலேயே நட்டால் எந்தச் சதைச்செடியும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிற்பது சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் என்றால் செடியைப் பொறுத்தது.

களிமண்ணில் ரெண்டு சட்டி மணலைக் கொட்டிக் கிளறினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆகாது. மணல்துகளின் இடுக்குகளில் களிமண் போய் அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். மண்ணை மாற்றுவதைவிட மேடாக்குவது சுலபம். சரளையும் மண்ணுமாகக் கலந்து பத்துப் பதினைந்து செ.மீ. உயரத்துக்கு ஒரு மேடு போட்டால் போதும், இந்தச் செடிகளின் வேர் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். மேட்டின் மேல்பகுதியைச் சற்றே சரிவாக வைத்தால் இன்னும் நல்லது.

இவை ஏன் வறட்சியைச் சிரித்துக்கொண்டே தாங்குகின்றன, ஏன் ஈரத்தில் இப்படிப் பொத்தென்று விழுகின்றன என்பதற்கு ஒரே காரணம்தான். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும். அப்போதே தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும். சதைச்செடிகளில் பல, துளைகளை இரவில் திறக்கின்றன. குளிர்ந்த நேரத்தில் கரியமில வாயுவை இழுத்து அமிலமாக்கி இலைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டு அதைச் செலவழிக்கின்றன. ரணகள்ளி இனத்து இலை காலையில் புளிப்பாகவும் நடுப்பகலில் சப்பென்றும் இருப்பதைக் கவனித்து பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர் எழுதிய குறிப்பு 1815-இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. ரணகள்ளியும், கீழே முதலில் வரப்போகும் செடமும் ஒரே குடும்பம், கிராசுலேசியே. இந்த முறைக்கே அந்தக் குடும்பத்தின் பெயர்தான். இப்படிச் சிக்கனமாகவே பழகிய செடிக்கு வேரும் சிக்கனம். மேலோட்டமாகப் பரவி, பெய்த மழையைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு, அடுத்த நாளே காய்ந்த மண்ணில் இருக்க விரும்பும் வேர். நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் அதற்கு மூச்சுமுட்டும். அங்கேதான் பூஞ்சை நுழையும்.

ஆக, எது நல்ல செடி என்று கேட்பதைவிட, என் இடத்துத் தண்ணீர் எவ்வளவு வேகமாக இடத்தைக் காலி செய்கிறது என்று கேட்டுவிட்டுப் பட்டியலுக்கு வருவது நல்லது. பிறகு மூன்று விஷயம்: உறைபனி விழுமா, இரவு குளிருமா அல்லது புழுங்குமா, வெயில் எத்தனை மணி நேரம்.

செடம்

ஒரே ஒரு செடியைச் சொல் என்று வற்புறுத்தினால் நான் செடத்தைத்தான் சொல்வேன். ஆனால் செடம் என்பது ஒரு செடியின் பெயர் இல்லை, பெரிய கூட்டம். அதில் தரைமூடிக்கு உகந்தவை நாலைந்து.

செடம் ஆக்ரேதான் இருப்பதிலேயே குட்டை. ஐந்து முதல் எட்டு செ.மீ. இலை ஒவ்வொன்றும் நாலைந்து மில்லிமீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் பாசி என்றே நினைப்பீர்கள். கோடைத் தொடக்கத்தில் ஐந்திதழ் மஞ்சள் நட்சத்திரங்கள் பூத்துப் பச்சையே தெரியாமல் போகும். மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பிழைக்கும். ‘ஆக்ரே’ என்றால் லத்தீனில் காரம், உறைப்பு. சாறு அப்படித்தான்; சிலருக்குக் கை அரிக்கும், தின்றால் வயிற்றைப் புரட்டும். தவழும் குழந்தையும் எதையும் வாயில் போடும் நாய்க்குட்டியும் உள்ள வீட்டில் இதை நடைபாதை ஓரத்தில் வைக்க மாட்டேன்.

செடம் ஆல்பம் வெள்ளைப் பூ. இதன் சாமர்த்தியம் வேறு. ஈரம் இருக்கும்போது சாதாரணச் செடி மாதிரி பகலில் மூச்சுவிடும். மண் காய்ந்ததும் இரவு முறைக்கு மாறிக்கொள்ளும். கூரைத் தோட்டம் போடுகிறவர்கள் இதை விரும்புவதற்கு அது ஒரு காரணம். அமெரிக்காவின் டியர்போர்ன் நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலைக் கூரையில் 2003-இல் பத்து ஏக்கருக்கும் மேல் செடமே விரித்தார்கள். சில செ.மீ. கனமே உள்ள மண்கலவையில், வெட்டவெளி வெயிலிலும் பனியிலும் ஒரு செடி கூரை மேல் வாழ்கிறதென்றால், உங்கள் மதிலோரம் அதற்கு மாளிகை.

செடம் ஸ்பூரியம் காகசஸ் மலைப்பகுதிச் செடி. இலை சற்று அகலம், சிவப்போ இளஞ்சிவப்போ பூக்கும். மற்ற செடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் ஈரத்தையும் அரைநிழலையும் பொறுத்துக்கொள்ளும். குழிச் சோதனையில் நடுவில் மாட்டிய மண் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆஞ்சலினா என்ற பெயரில் கிடைப்பது ஊசி போன்ற மஞ்சள் இலை. குளிர் வந்தால் ஓரம் ஆரஞ்சாகும், பத்துப் பதினைந்து செ.மீ. உயரும். தாவரவியலாளர்கள் ஸ்பூரியத்தை ஃபெடிமஸ் என்றும், ஆஞ்சலினாவின் இனத்தைப் பெட்ரோசெடம் என்றும் மாற்றிவிட்டார்கள். நர்சரிச் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம், செடி அதேதான்.

செடத்தின் பெரிய பலம் அது பெருகும் விதம். நடும்போது என் கைபட்டு உதிர்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளாமல் ஈரமணல் போட்ட ஒரு மூடியில் வைத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் ஓர் இலையின் அடியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை வேர் இரண்டு கிளம்பி மணலைத் துழாவிக்கொண்டிருந்தன. மூன்றாம் வாரம் அதே முனையில் ஊசிமுனையளவு பச்சை மொட்டு. தாய் இலை சுருங்கச் சுருங்கக் குட்டி பருத்தது. ஒரு தட்டுச் செடம் வாங்கினால், பொறுமை இருந்தால், அடுத்த வருடம் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம் என்பது இதனால்தான்.

பலவீனம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் துரோகம். மேலே சொன்னவை எல்லாம் குளிர்ந்த இரவுக்குப் பழகியவை. இரவிலும் புழுக்கம் குறையாத, காற்றில் ஈரம் சொட்டுகிற இடத்தில் கோடையில் நடுவில் வட்ட வட்டமாகக் கரைந்துபோகும். அப்படிப்பட்ட தட்பவெப்பத்துக்குச் செடம் மெக்சிகானம் பரவாயில்லை. வெப்பத்தையும் ஈரக்காற்றையும் அது மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆனால் ஆக்ரே மாதிரி கடும் உறைபனியைத் தாங்காது. இரண்டையும் ஒரே செடியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

டெலோஸ்பெர்மா

என்னை ஏமாற்றிய செடி என்று சொல்ல மனம் வரவில்லை; நான்தான் அதை ஏமாற்றினேன்.

பூவில் இதை அடிக்க ஆளில்லை. டெலோஸ்பெர்மா கூப்பெரி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, தாமஸ் கூப்பர் என்ற செடி சேகரிப்பாளரின் பெயரைத் தாங்கியது. இலை உருளையாக விரல்கணு நீளம். உற்றுப் பார்த்தால் மேலெல்லாம் நுண்ணிய நீர்க்குமிழ்கள் பனித்துளி மாதிரி மின்னும். ஐஸ் பிளான்ட் என்ற பெயர் அதனால்தான், குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலைந்து செ.மீ. அகலப் பூக்கள் கோடை முழுக்க வரும். ஆனால் அலுவலகம் போகிறவர்கள் கவனிக்க: காலையில் நீங்கள் கிளம்பும்போது மூடியிருக்கும், மாலை திரும்பும்போதும் மூடியிருக்கும். வெயில் ஏறினால்தான் விரியும். மேகமூட்டமான நாளில் கடை திறக்காது.

குளிரில் மைனஸ் 20 டிகிரிவரை போகும் என்று சொல்லப்படுவது உண்மைதான், ஆனால் அந்தக் குளிர் உலர்ந்த மண்ணில் வர வேண்டும். பனியில் சாவதைவிடப் பனிக்கால ஈரத்தில் சாவதே அதிகம். இன்னும் குளிரான இடம் என்றால் மஞ்சள் பூப் பூக்கும் நுபிகெனம். ‘மேகத்தில் பிறந்தது’ என்று அர்த்தம், உயர்மலைச் செடி. ஐந்து செ.மீ.தான் உயரும். இலை குளிரில் செம்மை பாயும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பூ இல்லை, காய். பூ வாடிய பிறகு சின்னதாக ஒரு மரப்பொத்தான் மாதிரி உலர்ந்த காய் நிற்கும். ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் மூடி ஐந்து கதவாகப் பிரிந்து நட்சத்திரமாக விரியும், உள்ளே விதைகள் மறைப்பில்லாமல் தெரியும். டெலோஸ்பெர்மா என்றால் கிரேக்கத்தில் ‘தெரியும் விதை’ என்றுதான் பொருள். காய்ந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். மழை பெய்யும்போது மட்டும் விதையை வெளியே விட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே நாலு செடி நடலாம்.

செடத்தோடு ஒப்பிட்டால்: பூ கூடுதல், பரவும் வேகமும் கூடுதல், ஒரு செடி அரை மீட்டர் அகலத்தைச் சுலபமாக மூடும். மன்னிக்கும் குணம் குறைவு. குழியில் தண்ணீர் மளமளவென்று இறங்குகிற இடம், சரிவு, மதில்மேடு, கருங்கல் இடுக்கு, அங்கெல்லாம் இதுதான் என் முதல் தேர்வு. சமதளக் களிமண் என்றால் பேச்சே வேண்டாம்.

ஆப்டீனியா

உறைபனி எட்டிப் பார்க்காத ஊர்களில் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் போடுவது இதைத்தான். பளபளவென்று இதய வடிவ இலை, சட்டைப் பொத்தான் அளவில் சிவப்புப் பூ. புத்தகப் பெயர் இப்போது மெசெம்ப்ரியாந்திமம் என்று மாறியிருக்கிறது, வாயில் நுழைகிற பெயரிலேயே கடைகளில் விற்கிறார்கள்.

இதன் நல்ல குணம் அரைநிழலைப் பொறுத்துக்கொள்வது. மரத்தடியில் நாலு மணி நேர வெயில் கிடைத்தால்கூடப் பச்சை குறையாது, பூ குறையும். குச்சியை ஒடித்து நட்டால் பத்து நாளில் வேர். ஒரு பருவத்தில் தரை தெரியாது. மோசமான குணமும் அதே வேகம்தான். நடைபாதையில் ஏறும், பக்கத்து ரோஜாவின் காலைச் சுற்றும், தொட்டி விளிம்பில் தொங்கும். மிதமான கடலோர நிலங்களில் தோட்டத்தை விட்டுத் தப்பித்துக் களையாகவும் ஆகியிருக்கிறது. மாதம் ஒரு தடவை கத்தரி எடுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் சிபாரிசு. வெப்பநிலை சுழியத்துக்குச் சில டிகிரி கீழே போனால் ஒரே இரவில் கறுத்துக் கூழாகிவிடும்.

பத்து மணிப் பூ

டேபிள் ரோஸ் என்றும் சொல்வோம். போர்ட்டுலாகா கிராண்டிஃப்ளோரா. தென் அமெரிக்கச் செடி, ஆனால் பெயர் சொன்னதும் தமிழ் வாசகர்களில் பாதிப் பேருக்கு யாரோ ஒரு பாட்டி வீட்டு வாசல் நினைவுக்கு வரும்.

வெயிலில் இதற்கு ஈடில்லை. மற்ற சதைச்செடிகள் வெப்பத்தில் சோர்ந்து சும்மா இருக்கும்போது இது வளர்ந்துகொண்டிருக்கும். காரணம், சூட்டிலும் வேகமாக உணவு தயாரிக்கும் சி4 முறையும் இரவு அமில முறையும் போர்ட்டுலாகா இனங்களில் ஒன்றாகவே உண்டு. பொதுவாகச் செடிகளிடம் இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை.

ஆனால் இதை நிரந்தரத் தரைமூடி என்று எண்ணி நடாதீர்கள். இது ஒரு பருவச் செடி. குளிர் வந்தால் போய்விடும். குளிரே இல்லாத இடத்திலும் ஒரு வருடத்தில் தண்டு நீண்டு, நடுவில் மொட்டையாகி, நுனியில் மட்டும் கொத்தாக நிற்கும். அப்போது நுனிகளைக் கிள்ளி மறுபடி நட வேண்டும். விதை தூள் மாதிரி. மண்ணைப் போட்டு மூடினால் முளைக்காமல் ஏமாற்றும், வெளிச்சம் வேண்டும். மற்றச் செடிகள் மூடி முடிக்கும்வரை இடைவெளியை நிரப்ப இதைவிடத் தோதானது இல்லை. என் உபயோகமும் அவ்வளவுதான்.

செம்பர்விவம்

பெயருக்கு ‘என்றும் வாழ்வது’ என்று பொருள். ரோஜாப்பூ அடுக்கு மாதிரி இலைவட்டம். அதைச் சுற்றிக் குஞ்சுகள். குளிரில் அசையாது. ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் காலத்து அரசுத் தோட்ட ஆணையில், தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரை மேல் இதை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரியே உண்டு. அழகுதான். ஆனால் மெதுவோ மெது. பூத்த வட்டம் அதோடு முடிந்தது, செத்துவிடும். குஞ்சுகள்தான் இடத்தை நிரப்ப வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அழுகும். ஒரு சதுர மீட்டரை மூட இதை நம்பி உட்கார்ந்தால் களை ஜெயிக்கும். கல் இடுக்குக்கும் தொட்டிக்கும் வையுங்கள்.

வேண்டவே வேண்டாத ஒன்று

கார்போபுரோட்டஸ். தடித்த முக்கோண இலை, பெரிய பூ, யாராவது ஒரு குச்சியை இலவசமாகக் கொடுப்பார்கள். இதுவும் தென்னாப்பிரிக்காதான். கலிஃபோர்னியாவில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரயில்பாதை ஓர மண்ணைப் பிடித்து நிறுத்த இதை நட்டார்கள், பிறகு நெடுஞ்சாலை ஓரங்களிலும். கிளை ஆண்டுக்கு ஒரு மீட்டர் ஓடும். கடற்கரை மணல்மேட்டில் இருந்த சொந்தச் செடிகளையெல்லாம் போர்த்தி அமுக்கியது. மத்தியதரைக் கடலோரத்திலும் இதே கதை. வேடிக்கை என்னவென்றால் மண்ணைப் பிடிக்க நட்டதே சரிவில் மண்ணை இழுத்துக்கொண்டும் வரும்: வேர் மேலோட்டம், இலையோ தண்ணீர் மூட்டை, நல்ல மழையில் நனைந்தால் அந்தப் பாரம் மொத்தமாக வழுக்கும். சிறிய தோட்டத்துக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

காலும் களையும்

புல்லுக்குப் பதில் என்று சொல்லும்போதே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் எதன் மீதும் தினமும் நடக்க முடியாது. இலை என்பது தண்ணீர்ப் பை, மிதித்தால் உடையும். செடம் ஆக்ரே எப்போதாவது ஒரு மிதியைப் பொறுத்து மறுபடி தழைக்கும். டெலோஸ்பெர்மா ‘சரக்’கென்று நொறுங்கும், கால் வழுக்கவும் செய்யும். பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் என்றால் புல்லையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெறும் சரளை. நடந்து போக மட்டும் வேண்டும் என்றால், ஒரு நடைக்கு ஒன்றாக, அறுபது செ.மீ. இடைவெளியில் தட்டைக்கற்கள் பதித்து நடுவில் செடத்தை விடலாம்.

‘பராமரிப்பே இல்லை’ என்பது இரண்டாம் வருடத்திலிருந்துதான் உண்மை. முதல் வருடம் முழுக்கக் களைதான் வேலை. செடி மூடாத ஒவ்வொரு விரற்கடை இடத்திலும் ஏதாவது முளைக்கும், குட்டைச் செடிக்கு நடுவிலிருந்து கோரையைப் பிடுங்கினால் அதுவும் கூட வரும். எனவே நடுவதற்கு முன்பே கோரைக் கிழங்கையும் அறுகின் ஓட்டத்தையும் தோண்டி எடுத்துவிட வேண்டும். ஒரு தடவை மண்ணை ஈரமாக்கி, முளைப்பதை எல்லாம் முளைக்கவிட்டுச் செதுக்கிவிட்டு, பிறகு நட்டால் பாதித் தலைவலி போகும்.

எத்தனை செடி வாங்குவது என்பதும் களையைப் பொறுத்த கணக்குதான். பதினைந்து செ.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 44 செடி. இருபது செ.மீ. என்றால் 25. முப்பது என்றால் 11 போதும். செடத்துக்கு இருபது, டெலோஸ்பெர்மாவுக்கும் ஆப்டீனியாவுக்கும் முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கி நட்டால் கை கடிக்கும், ஆனால் ஒரே பருவத்தில் மூடும். தள்ளி நட்டால் மிச்சமாகும், அதற்கு ஈடாக ஒரு வருடம் கூடுதலாகக் குனிய வேண்டும். முதுகு நலமாக இருப்பவர்கள் இரண்டாவதை எடுக்கலாம்.

கிள்ளிய குச்சிகளை உடனே நடாமல் நிழலில் ஓரிரு நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். முதல் நான்கு வாரம் மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் விட வேண்டும். தண்ணீரே வேண்டாம் என்ற பேச்சை நம்பி இந்த வாரங்களில் கோட்டைவிட்டவர்கள் உண்டு. உரம் வேண்டாம். தொழுவுரம் போட்ட வளமான மண்ணில் இவை மதமதவென்று நீண்டு, தளர்ந்து, முதல் மழையில் படுத்துவிடும். செடியைச் சுற்றி ஒரு செ.மீ. கனத்துக்குச் சின்னச் சரளை போட்டால் கழுத்து உலர்ந்தே இருக்கும். நான் இழந்த பன்னிரண்டு செடிக்கும் இந்த ஒரு கைப்பிடி சரளை இருந்திருந்தால் நாலைந்தாவது பிழைத்திருக்கும். மாவுப்பூச்சி இடுக்குகளில் வெள்ளையாகத் தெரிந்தால் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, வெயில் வருவதற்குள் அந்தக் கிளையை வெட்டிவிடுவேன். பெரும்பாலும் அதற்கு மேல் போனதில்லை.

இனி முடிவுக்கு வரலாம். உறைபனி விழுகிற, இரவு குளிர்கிற ஊர் என்றால் செடம் ஆக்ரேவோ ஆல்பமோ கண்ணை மூடிக்கொண்டு நடலாம். சரிவு இருந்தால் டெலோஸ்பெர்மா அதைவிட அழகு. உறைபனி இல்லை, வெயில் அதிகம், காற்று உலர்வு என்றால் டெலோஸ்பெர்மா. உறைபனியும் இல்லை, இரவும் புழுங்குகிறது என்றால் செடம் மெக்சிகானத்தை ஒரு சதுர மீட்டரில் மட்டும் வைத்து ஒரு மழைக்காலம் பாருங்கள். நிழல் விழுகிற பகுதிக்கு ஆப்டீனியா. தண்ணீர் வடியாத இடம் என்றால் எதையும் வாங்காமல் முதலில் மேடு போடுங்கள்.

என் ஒன்றரை மீட்டர்த் துண்டில் இப்போது ஒரே செடி இல்லை. கூரைத் தண்ணீர் விழும் மூலையில் செடியே கிடையாது, கூழாங்கல் கொட்டிவிட்டேன். மதிலை ஒட்டி உயர்த்திய மேட்டில் மறுபடி அதே டெலோஸ்பெர்மா. இது மூன்றாம் வருடம். நடுவில் செடம் ஸ்பூரியம். வாசல்பக்க விளிம்பில் வருடா வருடம் பத்து மணிப் பூ, ஏனென்றால் பதினோரு மணிக்குத் தேனீ வந்து மொய்ப்பதைப் படியில் உட்கார்ந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கத்தரித்த தழையைக் குப்பைக்குழியில் அப்படியே போடாதீர்கள். நான் போட்டேன், அடுத்த மாதம் குப்பைக்குழி மேல் அருமையான செடம் பாய். தரையில் சிமென்ட் மேல் பரப்பி, இலை சருகாகும்வரை காயவிட்டு, பிறகு போடுங்கள்.